கரண்டும் கடையும் நின்ற பிறகு: யாழ்ப்பாணத்து வீடுகள் பழகிய பிழைக்கும் வித்தைகள்

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. முதலில் கரண்ட் நின்றது. சில நாளில் வந்துவிடும் என்று ஐயா ஃபிரிட்ஜைத் திறக்க விடாமல் வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து அம்மா அதைக் கழுவித் துடைத்து உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டார். அதற்குள் பெட்ரோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. வடக்குக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்று அரசாங்கத்தின் தடைப்பட்டியல் ஒன்று இருந்தது. அந்தப் பட்டியலோடுதான் நாங்கள் வளர்ந்தோம்.

முப்பது வருடம் கழித்து, 2022இல், சாமான் இறக்குமதி செய்ய இலங்கையிடம் டொலர் தீர்ந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. காஸ் சிலிண்டருக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அப்போது கொழும்பில் இருந்த உறவினர் ஒவ்வொருவராக அம்மாவுக்குப் போன் எடுத்தார்கள். ஈர விறகை எப்படிப் பற்ற வைப்பது, சோற்றை அடுத்த நாள் வரை கெடாமல் எப்படி வைப்பது என்று கேட்டார்கள். அம்மா அடுப்படியில் நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சமூகம் குலைந்துபோகும்போது எப்படிப் பிழைப்பது என்று தேடினால் காட்டுக்குள் கூடாரம் அடிப்பதும் கத்தி தீட்டுவதும்தான் கிடைக்கின்றன. நாங்கள் கண்டது வேறு. எங்களைக் காப்பாற்றியது ஒரு வீட்டுக்காரியின் கணக்கும், சைக்கிள் கடைக்காரரின் கையும், கிணற்றைப் பார்த்துக்கொண்ட ஒழுங்கும்தான். கொஞ்சத்தை நீட்டிச் செலவழிக்கத் தெரிந்த வீடு தாக்குப்பிடித்தது. அந்த வித்தைகளை எனக்குத் தெரிந்த அளவில், செய்முறையோடு எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

தண்ணீரில் தொடங்க வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், தொட்டியில் இருப்பது ஒன்றிரண்டு நாளில் தீரும். 1990இல் எங்கள் ஊரில் துலாக் கிணறுகள் (நெடுமரம் ஒன்றைச் சாய்த்து வாளியால் அள்ளுபவை) இன்னும் இருந்தன. இப்போது பல வீடுகளில் குழாய்க் கிணறுதான், வாளி இறங்காது. திறந்த கிணறு இருந்தால் கப்பி, நல்ல கயிறு, இரும்பு வாளி மூன்றையும் இன்றே வாங்கி மாட்டி, ஒரு தடவை அள்ளிப் பாருங்கள். கிணறே இல்லாத வீடு, நடந்து போகும் தூரத்தில் யார் வீட்டில் கிணறு இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு நாளுக்கு ஐந்து லீற்றராவது வேண்டும் என்று கணக்கு வையுங்கள். குளிப்பு, தோய்ப்பு இதில் சேராது.

குடிக்கும் தண்ணீரைச் சுத்தமாக்கும் வழிகளில் கொதிக்க வைப்பதே உறுதியானது. நன்றாகக் குமிழி எழும்பி ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பத்து நிமிடம் கொதிக்க விடுவது விறகுக்குக் கேடு. விறகும் இல்லையென்றால் வெயில் இருக்கிறது. நிறமில்லாத பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி, படுக்க வைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் விட வேண்டும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் விட வேண்டும். கலங்கிய நீருக்கு இது வேலை செய்யாது. முதலில் நாலாக மடித்த பருத்திச் சேலையில் வடித்து, தெளிய வைத்த பிறகுதான் வெயிலில் வைக்கலாம். இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட பெரிய போத்தல் வேண்டாம்.

கிணற்றுக்குக் குளோரின் போடுவது பலருக்குத் தெரியாத வித்தை. சுகாதாரப் பரிசோதகர் வந்து போடுவார் என்றுதான் இருப்போம். அவர் வராத காலம் ஒன்று வரலாம், ஆகவே கணக்கைத் தெரிந்து வையுங்கள்:

1. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் மீற்றரில் அளக்கவும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீற்றர் வரும். ஒரு கன மீற்றர் ஆயிரம் லீற்றர்.
2. ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். மூன்று மீற்றர் விட்டம், இரண்டு மீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 14,000 லீற்றர், அதற்கு 35 கிராம்.
3. பவுடரை வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களி போலக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கவும். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை வேறு வாளிக்கு மாற்றவும். அடிமண்டியைக் கிணற்றில் ஊற்றக் கூடாது.
4. தெளிவுள்ள வாளியைக் கயிற்றில் கட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்கவும்.
5. ஒரு மணி நேரம் யாரும் அள்ளக் கூடாது. இரவில் போட்டுவிட்டுப் படுப்பது வசதி.

பிறகு அள்ளிய நீரில் குளோரின் வாசம் இலேசாக இருக்க வேண்டும். சுத்தமாக வாசமே இல்லையென்றால் தண்ணீரில் அழுக்கு அதிகம், அல்லது பவுடர் பழசாகிப் பலம் போயிருக்கிறது. மறுபடி போட வேண்டும்.

கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீற்றர் இடைவெளி வேண்டும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் வழியாக அழுக்கு வெகுதூரம் ஓடும் என்பதால் இங்கே அந்த 30 கூடப் போதாது. இடம்பெயர்ந்து ஒரே வளவில் நாலைந்து குடும்பம் இருக்கும் நேரத்தில் இதை மறந்தால் வயிற்றோட்டம் வீடு வீடாகப் போகும்.

வெளிச்சம்

மண்ணெண்ணெய் தங்கப் பவுணுக்கு நிகராக இருந்த காலத்தில் எங்கள் ஊர் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். ஒரு வெறும் ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் மெல்லிய திரியைக் கோர்த்து, கம்பியால் சுற்றி, பஞ்சின் மேல் நிற்கும்படி போத்தலுக்குள் இறக்குவோம். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும், ஆகவே காற்று அணைக்காது. திரி மெல்லியது என்பதால் எண்ணெய் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்கு அக்கா படித்தது இந்த வெளிச்சத்தில்தான். காலையில் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். சன்னலைத் திறந்து வைத்தே எரிக்க வேண்டும்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். உயரமான, மெல்லிய போத்தலில் செய்த குப்பி விளக்குகள் தட்டுப்பட்டு விழுந்து இலங்கை முழுவதும் எத்தனையோ பிள்ளைகளைச் சுட்டிருக்கின்றன. அந்தக் காயங்களை அறுவை மேசையில் பார்த்துச் சலித்த வைத்தியர் விஜய கொடகும்புர, 1990களில் ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். அது குட்டையானது, தடித்த கண்ணாடியால் கனமானது. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. திரிமூடி திருகி இறுக்குவது, எண்ணெய் சிந்தாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டில் விளக்குச் செய்பவர்கள் அந்தக் குணங்களையே பின்பற்றலாம்: குட்டை, கனம், இறுகிய மூடி. எரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெயோடு பெட்ரோல் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் அந்த எண்ணெயைத் தொடவே வேண்டாம்.

சுட்டுவிட்டால் ஓடும் சாதாரண நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ், பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் பூசக் கூடாது.

இன்று சூரிய விளக்கு மலிவு. ஒன்று வாங்கி வைத்தால் இந்தப் பாடு பாதி குறையும்.

அடுப்பு

விறகைச் சேமிக்க இரண்டு பழக்கம் போதும். அரிசியையும் பருப்பையும் சமைப்பதற்கு முன் ஊறப்போடுவது ஒன்று. மற்றது வைக்கோல் பெட்டி. ஒரு மரப்பெட்டியிலோ பெரிய கடகத்திலோ நாலு விரல் தடிப்புக்கு வைக்கோல் அமுக்கி, நடுவில் பானை இருக்க இடம் விடுங்கள். சோறோ பருப்போ நன்றாகக் கொதித்ததும் மூடியோடு இறக்கி, அந்தக் குழியில் வைத்து, மேலே பழைய தலையணை போட்டு இறுக்கி மூடவும். மிச்ச வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும். சோற்றுக்கு ஒரு மணி நேரம், பருப்புக்கு இரண்டு மணி நேரம் விடுங்கள். சிவப்பு பீன்ஸ் மட்டும் முதலில் பத்து நிமிடம் கொதித்தே ஆக வேண்டும், அதில் நஞ்சு உண்டு. கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கரியிலிருந்து வரும் நச்சுக்காற்று (காபன் மொனொக்சைட்டு) கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

சாப்பாடு

சேமிப்பின் கணக்கு எளிது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் மாதத்துக்கு 12 கிலோ. அதோடு பருப்பு, உப்பு, எண்ணெய், சீனி, நெத்தலி. பழையதை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் வைத்துச் சுழற்ற வேண்டும். உப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆனையிறவு உப்பளம் எங்கள் வாசலிலேயே இருந்தும், சண்டையில் அது நின்றபோது உப்புக்கு அலைந்தோம்.

ஆனால் சேமிப்பு ஒரு மாதம், இரண்டு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு மண்தான். 2022 ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். நல்ல எண்ணம், ஆனால் மரவள்ளி கிழங்கு வைக்க எட்டு மாதம் ஆகும். பசி வந்த பிறகு நட்டால் அடுத்த வருடத்துப் பசிக்குத்தான் உதவும். ஆகவே இப்போதே நட வேண்டியவை: வேலியோரம் முருங்கைத் தடி நாலு (ஒரு ஆள் கைநீளத்துக்குக் குறையாமல்), ஒரு சாண் நீளத்தில் வெட்டிய மரவள்ளித் தடிகள், வற்றாளைக் (சர்க்கரைவள்ளி) கொடி. அவசரத்துக்குத் தண்டுக்கீரை, நாலு வாரத்தில் பிடுங்கலாம்.

மரவள்ளியைத் தோல் சீவி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை எடுத்து எறியுங்கள், அந்தக் கசப்பு சயனைட்டின் அடையாளம்.

பனையைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாக எழுதத்தான் வேண்டும், எங்கள் உயிர் அதில் நின்றது. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களைப் பொறுக்கி, களியைப் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. விதைகளை மழைக்கு முன் உயர்த்திய மண் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடினால், தை, மாசியில் கிண்டிக் கிழங்கு எடுக்கலாம். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல், அப்படியே கடித்துத் தின்னலாம், மாதக்கணக்கில் கெடாது. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல். இதை மாவாக்கி உடனே சமைக்கக் கூடாது. நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வார்த்துவிட்டு, திரும்ப நீர் விட்டு ஊறவைத்தால்தான் கயர்ப்பும் அதில் உள்ள நஞ்சும் போகும். பிறகு கூழ். மீன் கிடைத்தால் மீன், நண்டு கிடைத்தால் நண்டு, ஒன்றும் இல்லாத நாளில் பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய். அம்மம்மா பெரிய பானையில் காய்ச்சி, பிலாவிலையைக் கோலி ஊற்றித் தருவார். யார் படலையைத் திறந்து வந்தாலும் ஒரு கரண்டி தண்ணீர் கூட்டினால் போதும். கூழுக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு.

சவர்க்காரம் இல்லாத நாட்கள்

கைகழுவ அடுப்புச் சாம்பல் போதும். கை முழுக்கத் தேய்த்து நீர் விட்டுக் கழுவினால் அழுக்கும் கிருமியும் பெரும்பகுதி போய்விடும். உடுப்புக்குப் பனம்பழம். களியை நீரில் கரைத்து உடுப்பை ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கும், அழுக்கும் கழலும். நாலு தண்ணீரில் அலச வேண்டும். ஒருநாள் அவசரத்தில் அம்மா சரியாக அலசாமல் தனது நூல் சேலையைக் கொடியில் போட்டுவிட்டார். பழ வாசத்துக்கு வந்த பக்கத்து வீட்டு மாடு அதன் தலைப்பைச் சப்பித் தின்றுவிட்டது. அவரிடம் அப்போது இருந்ததே மூன்று சேலைதான். அன்று அவர் அழுததை நான் இன்னும் மறக்கவில்லை.

நோயும் காயமும்

பிள்ளைகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் வயிற்றோட்டம், அதாவது உடலில் நீர் வற்றுவது. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவை அடுக்களைச் சுவரில் எழுதி வையுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து, கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ எப்பாடுபட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து, முழுப் பலத்தோடு, இடையில் தூக்கிப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். கை கால் காயத்தில் அப்படியும் நிற்காமல் பாய்ந்தால் மட்டுமே கட்டு. காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், இரண்டு அங்குல அகலத் துணியைக் கட்டி, ஒரு தடியைச் செருகி, இரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதிவிடுங்கள். அதன் பிறகு வைத்தியர்தான் அவிழ்க்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அந்தக் கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவற்றை வாசித்து மட்டும் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்புக்கு வீட்டில் ஒருவராவது போய் வாருங்கள்.

பிரஷர், சீனி வருத்தக்காரர்கள் ஒரு மாத மருந்தை முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் பெரும்பாலும் 30 பாகை செல்சியஸுக்குள் நாலு வாரம் தாங்கும், பெட்டியில் உள்ள தாளையும் ஒருமுறை பாருங்கள். ஒரு மண்சட்டிக்குள் ஈர மணல், அதற்குள் சிறிய சட்டி, அதற்குள் மூடிய பேணியில் மருந்து, மேலே நனைத்த சாக்கு. நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்து மணலை ஈரமாக வைத்திருந்தால் அறையை விடச் சட்டி குளிர்ந்திருக்கும்.

சைக்கிள்

பெட்ரோல் போன பிறகு ஊர் சைக்கிளில் ஓடியது. விறகு மூட்டை, நோயாளி, பிரசவத்துக்குப் போகும் பெண், எல்லாம் கரியரில்தான். மோட்டார் சைக்கிள்காரர்கள் காபரேற்றருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வெள்ளைப் புகையும் இருமலுமாக அது ஓடும், என்ஜினும் கெடும்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வது அரை மணி வேலை. ரியூப்பைக் கழற்றிக் காற்றடித்து நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். ஈரம் துடைத்து, அரத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, சொலுசன் மெல்லிதாகப் பூசி, பளபளப்புப் போகும் வரை காத்திருந்து ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரமாக ஒட்டியது கழன்றுவிடும். பிறகு ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். முள் அங்கேயே இருந்தால் அடுத்த தெருவில் மறுபடி காற்றுப் போகும்.

சைக்கிள்தான் எங்கள் மின் நிலையமும். ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் ரேடியோ பாடும். டைனமோ தருவது ஆறு வோல்ற் மாறுதிசை மின்சாரம், ரேடியோவுக்கு அது ஆகாது. நாலு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து நேராக்க வேண்டும், ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இரவில் பி.பி.சி. தமிழோசைக்கு எங்கள் முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். கேட்டு முடிந்ததும் யார் எந்த வதந்தியைக் கொண்டுவந்தார்கள், அது எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். கண்டவர் சொன்னதா, கேட்டவர் சொன்னதா என்ற அந்த ஒரு கேள்வி பல வீண் ஓட்டங்களைத் தடுத்தது.

அயலும் ஆவணமும்

உங்கள் ஒழுங்கையில் யாருக்குக் கிணறு, யார் தாதி, யார் மேசன், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் தனியாக இருக்கிறார் என்று இப்போதே எழுதுங்கள். கடையில் கடைசிச் சீனி இருக்கும் நாளில் அறிமுகம் தொடங்க முடியாது. அப்போது எங்களுக்குச் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடை) கூப்பனுக்குச் சாமான் வரும். ஒருவர் வரிசையில் நின்று நாலு வீட்டுக்கு வாங்கி வருவார், மற்ற மூன்று வீடும் அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கியதால், யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமத்து மக்கள் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தோம். மழை. செம்மணி வெளியில் ஒரு அடி வைக்கப் பல நிமிடம் ஆனது. அம்மா தோளில் ஒரே ஒரு பை. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதிப் பத்திரம், அக்காவின் பரீட்சைப் பெறுபேறு, எல்லாம் பொலித்தீனில் இரண்டு முறை சுற்றியிருந்தன. தையல் மெஷினை விட்டுவிட்டுத்தான் வந்தோம். பின்னால் காணியைத் திரும்ப எடுக்கவும் அக்காவுக்கு வேலை கிடைக்கவும் உதவியது அந்தப் பைதான். காணி உறுதிப் பத்திரம் தொலைந்த குடும்பங்கள் ஒரு கந்தோர் விட்டு இன்னொரு கந்தோராக வருடக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். பிரதிகளை வேறு ஊரில் ஒரு நம்பிக்கையானவரிடம் கொடுங்கள்.

ஒத்திகை

கடைசிப் படி. ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணையுங்கள். காஸை மூடுங்கள், போனைப் பெட்டிக்குள் வையுங்கள், கடைக்குப் போகாதீர்கள். ஞாயிறு மாலை வரை அப்படியே இருங்கள். மருந்து, கைக்குழந்தை, நோயாளிக்கு மட்டும் விலக்கு. எது இல்லை என்று தடுமாறினீர்களோ அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் அந்தப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். 2022க்குப் பிறகு எங்கள் வீட்டில் முதல் தடவை இதைச் செய்தபோது, தீப்பெட்டி தேடவே அரை மணி நேரம் போனது. இப்போது அது மூடி போட்ட ஒரு பேணிக்குள், அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் இருக்கிறது. என் சின்ன மகளுக்கும் அந்த இடம் தெரியும்.